விடியற்காலையில் விழும் டிரிப்பர்: கடலோர வீடுகளில் மின்கசிவு எங்கிருந்து வருகிறது?

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி பக்கத்து எலக்ட்ரீசியன்களுக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும்: "டிரிப்பர் நிக்க மாட்டேங்குது." இரவு மூன்று மணிக்கு வீடு இருண்டுவிடும். தூக்கிவிட்டால் உடனே விழும். காலை பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகு தூக்கினால் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். பதினோரு மணிக்கு வரும் எலக்ட்ரீசியனிடம் காட்டுவதற்குக் கோளாறு இருக்காது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் "கருவிதான் கெட்டுப்போச்சு" என்று அதைக் கழற்றி, ஒயரை நேராக இணைத்து, 'டைரக்ட்' கொடுத்துவிடுகிறார்கள்.

கருவி பெரும்பாலும் கெட்டிருக்காது. அது எதைப் பார்த்து விழுகிறது, அது ஏன் விடியற்காலையை விரும்புகிறது என்பதுதான் இங்கே விளக்க வேண்டியது.

எம்.சி.பி. வேறு, ஆர்.சி.சி.பி. வேறு

மீட்டரைத் தாண்டி வரும் பெட்டியில் இருப்பவை எல்லாவற்றையும் 'டிரிப்பர்' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தின் பாதி இதிலேயே தொடங்குகிறது.

1. பியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அதற்கு மேல் மின்சாரம் தொடர்ந்து ஓடினால், அல்லது பேஸும் நியூட்ரலும் ஒட்டி ஷார்ட் ஆனால் விழும். ஒயர் உருகாமல், தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மனிதன் அதன் கணக்கிலேயே இல்லை.

2. ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. பழைய பழக்கத்தில் இதை இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயர்களும் இதற்குள்ளே ஒரு சிறிய இரும்பு வளையத்தின் நடுவே போகின்றன. பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வளையம் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பி வராவிட்டால், அது வேறு வழியில் மண்ணுக்குப் போயிருக்கிறது என்று பொருள். அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளைத் தூண்டும், விசை விழும்.

3. இரண்டையும் ஒன்றாகச் செய்வது ஆர்.சி.பி.ஓ.

கருவியின் முகப்பில் இரண்டு எண்கள் அச்சடித்திருக்கும். 40 ஆம்பியர், 63 ஆம்பியர் என்பது அது தாங்கும் சுமை. 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் என்பது அது விழும் கசிவு. 'பெரிசாப் போட்டா விழாது' என்று 40ஐ எடுத்துவிட்டு 63 போடுவதால் ஒரு மாற்றமும் வராது. கசிவு எண் அதேதான். 30 இருந்த இடத்தில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் போட்டால் உண்மையிலேயே விழுவது நிற்கும். ஆனால் 300 என்பது தீ விபத்தைத் தடுக்க வைப்பது. ஆளைக் காக்க அது உதவாது.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது

சுமார் 1 மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் சுருக்கென்று தெரியும். 10ஐத் தாண்டினால் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டி நீடித்தால் இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஆபத்து தொடங்குகிறது. அதனால்தான் அந்த எல்லை.

வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்பவரின் உடல் தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அவருக்குள் 230 மில்லி ஆம்பியரை ஓட்டும். கொல்லும் எல்லையைப் போல ஏழெட்டு மடங்கு. ஆனால் வீட்டில் வழக்கமாக வைக்கும் மிகச் சிறிய 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான், அசையாது. பியூஸும் அப்படியே. "பியூஸ் இருக்கே, அப்புறம் எப்படி ஷாக் அடிச்சுது" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

தரமான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்குக் கீழே விழக்கூடாது. 30ஐத் தொட்டால் 0.3 விநாடிக்குள் விழ வேண்டும். 150ஐத் தாண்டினால் 0.04 விநாடிக்குள் விழ வேண்டும். இந்த 15 என்ற கீழ் எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் புகார்களின் விடை அதில் இருக்கிறது.

உப்பு செய்யும் வேலை

மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்போ வெறும் சோற்றுப்பு மட்டுமல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீர் எளிதில் காயாததற்கும் இதே மெக்னீசியம்தான் காரணம்.

இனி வீட்டுச் சுவரைப் பாருங்கள். அலை உடையும்போது எழும் நுண்ணிய திவலைகள் காற்றோடு வந்து ஸ்விட்ச் போர்டின் பின்பக்கம், ஜங்ஷன் பாக்ஸ், மோட்டார் ஸ்டார்ட்டர், மின்விசிறியின் ஒயர் முனை என்று எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டுகின்றன. பகலில் வெயிலில் அது பெரும்பாலும் காய்ந்து கிடக்கும்; காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. இரவில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இந்தக் கரையில் சாதாரணம். படலம் ஈரம் குடித்து உப்புநீராகிறது. உப்புநீர் நல்ல கடத்தி. பேஸ் திருகாணிக்கும் எர்த் ஒயருக்கும், அல்லது பேஸுக்கும் ஈரச்சுவருக்கும் இடையே ஒரு மெல்லிய பாலம் போட்டாகிவிட்டது. அந்தப் பாலத்தின் தடை 23,000 ஓம் என்று வையுங்கள். 10 மில்லி ஆம்பியர் கசியும். காலை பத்து மணிக்குப் பாலம் காய்ந்து காணாமல் போய்விடும். எலக்ட்ரீசியன் கையில் டெஸ்டரோடு நிற்கும்போது சாட்சியே இல்லை.

எந்தப் பக்கச் சுவர் என்பதும் முக்கியம். பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று இங்கே சொல்வது வழக்கம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடலை நோக்கிய சுவர் உப்பு வாங்கும். வாடைக்காலத்தில் வடக்குச் சுவர். பாம்பன் போன்ற இடங்களில் இரண்டு பக்கமும் கடல். எந்த மாதமும் ஏதாவது ஒரு சுவர் உப்பு வாங்கிக்கொண்டேதான் இருக்கும். உலோக அரிமானத்தைச் சோதிக்கக் காரைக்குடியில் உள்ள சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வண்ணப்பூச்சும் தேடிப் போட்டதும் இந்தக் காற்றின் குணம் தெரிந்துதான். அதே காற்றில் தகர மீட்டர் பெட்டியைத் திறந்த திண்ணையில் மாட்டிவிட்டு, பத்து வருடம் உழைக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

ஒற்றைக் கசிவா, கூட்டுக் கசிவா

உப்புப் படலம் மட்டும் 10 மில்லி ஆம்பியர் கசியவிட்டால் ஆர்.சி.சி.பி. விழாது. அங்கேதான் வீட்டில் இருக்கும் மின்னணுப் பொருட்கள் உள்ளே வருகின்றன. டிவி, கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி போன்றவற்றின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்த மின்தேக்கிகள் இயல்பாகவே அரை முதல் இரண்டு, மூன்று மில்லி ஆம்பியர் வரை எர்த்துக்கு அனுப்பும். இது கோளாறு இல்லை. ஒரு நடுத்தர வீட்டில் எல்லாம் சேர்ந்து 7 அல்லது 8 ஆகிவிடும். அதோடு விடியற்காலைப் படலத்தின் 10ஐக் கூட்டுங்கள்: 18. கீழ் எல்லை 15 என்றோமே, தாண்டியாயிற்று; 15க்கும் 30க்கும் இடையே கருவி எந்த அளவிலும் விழலாம்.

அதனால் வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்பது கடற்கரைக்கு ஒத்துவராத அமைப்பு. ஒரு கருவியின் மேல் நிற்கும் இயல்பான கசிவு அதன் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 9 அல்லது 10க்குள் இருந்தால்தான் அது வீணாக விழாது. குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள்: விளக்கு, மின்விசிறி ஒன்று; அடுக்களை, குளியலறை, வாஷிங் மெஷின் இன்னொன்று; வெளியே இருக்கும் மோட்டாரும் வாசல் விளக்கும் மூன்றாவது. உப்பு அதிகம் தின்பது மூன்றாவது. அது விழுந்தாலும் உள்ளே விளக்கு எரியும். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் கருவியைப் பிடுங்கி எறியத் தேவை வராது.

வாங்கும்போது வகையையும் பாருங்கள். ஏ.சி. வகை (குளிர்சாதன ஏசி அல்ல, ஆர்.சி.சி.பி.யில் ஒரு வகையின் பெயர்) என்பது பழைய பாணிச் சுமைகளுக்கு. இன்வெர்ட்டர் ஏசி, புதிய வாஷிங் மெஷின் இருக்கும் சுற்றுக்கு ஏ வகை வேண்டும், ஏ.சி. வகை அந்தச் சாதனங்களின் துடிப்புக் கசிவைச் சரியாக உணராமல் விட்டுவிடக்கூடும்.

எர்த்: மணலும் உப்பும்

கம்பத்திலிருந்து பேஸும் நியூட்ரலும் வருகின்றன. எர்த் நம் வீட்டுக் குழியில் இருந்து வருகிறது. காய்ந்த கடற்கரை மணல் மின்சாரத்தை ஏற்காது. சில அடி கீழே உவர்நீர் இருந்தால் அது மிக நன்றாக ஏற்கும். ஆகவே இங்கே எர்த் நன்றாக இருப்பதும் மோசமாக இருப்பதும் கம்பி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மோசமான எர்த் என்ன செய்யும்? உங்கள் குழியின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம் என்று கொள்ளுங்கள். பிரிட்ஜுக்குள் பேஸ் ஒயர் அதன் உலோக உடம்பில் ஒட்டிவிட்டது. ஓடும் மின்சாரம் 230ஐ 22ஆல் வகுத்தால் வருவது, சுமார் 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது. பிரிட்ஜின் கதவில் 209 வோல்ட் நிற்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, இருந்தும் கதவைத் தொடுபவர் போய்ச் சேரலாம். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த 10 ஆம்பியரில் கண்ணிமைக்கும் முன் விழுந்துவிடும். எர்த் தடை ஆயிரம் ஓமுக்குப் போனாலும்கூட அது வேலை செய்யும் என்பதால்தான் மணற்பாங்கான ஊர்களில் அதன் மதிப்பு கூடுகிறது. தமிழகத்தில் புதிய இணைப்புக்கு இந்த வகைக் கருவியைக் கட்டாயமாக்கியதும் ஆளைக் காக்கத்தான்.

எர்த் குழி போடும்போது இந்தக் கரைக்கென்று சில மாற்றங்கள் உண்டு.

1. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது மேட்டுநிலத்துப் பழக்கம். ஏற்கெனவே உவர்ப்பான மண்ணில் உப்பை மேலும் கொட்டினால் குழாய் சீக்கிரம் அரித்துப் போகும். கரியோ பென்டோனைட் களிமண்ணோ போதும்.

2. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் 40 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளம் குறையக்கூடாது. செம்பு பூசிய எஃகுக் கம்பி இன்னும் நீண்ட நாள் வரும்.

3. செப்புக் கம்பியை ஜி.ஐ. குழாயில் நேரடியாகச் சுற்றாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரி ஆகிவிடும்; துத்தநாகப் பூச்சு கரையும், அடுத்து இரும்பு. வெள்ளீயம் பூசிய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), துருப்பிடிக்காத எஃகு போல்ட், மேலே தார் அல்லது வாஸ்லைன் பூச்சு.

4. சோதிப்பது ஆவணி மாதத்தில் இருக்கட்டும். மாவட்டத்தின் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கார்த்திகையில் அளந்து '3 ஓம்' என்று எழுதிக்கொடுப்பதற்கு அதிகப் பொருள் இல்லை.

விழும் இடத்தைத் தேடும் வரிசை

கோளாறை அது இருக்கும் நேரத்தில்தான் பிடிக்க வேண்டும். ராத்திரி விழுந்தால் ராத்திரியே முதல் மூன்று படிகளைச் செய்து, எந்தச் சுற்று என்று எழுதிவைப்பது வீட்டுக்காரர் வேலை. கால் காய்ந்திருக்க வேண்டும், செருப்பு போட்டிருக்க வேண்டும்.

1. எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அதுதான் சுற்று.

2. அந்தச் சுற்றில் உள்ள பிளக்குகளைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஸ்விட்ச் பேஸை மட்டும் வெட்டும். நியூட்ரலும் எர்த்தும் பிளக் வழியே இணைந்தே இருக்கும்.

3. பிளக்கெல்லாம் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். வெளிச்சுவர் விளக்கு, மொட்டைமாடி பாயிண்ட், மோட்டார் ஸ்டார்ட்டர் என்ற வரிசையில் சந்தேகப்படலாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கேபிள் இணைப்பு தண்ணீருக்குள் இருப்பது. டேப் சுற்றியிருந்தால் இந்த உவர்நீரில் பெரும்பாலும் அதுவே குற்றவாளி.

4. எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லையா? எல்லோரையும் திகைக்க வைக்கும் நிலை இது. எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரலை வெட்டுவதில்லை, நியூட்ரலில் எப்போதும் ஓரிரு வோல்ட் இருக்கும், அதுவே கசிவுக்குப் போதும். எலக்ட்ரீசியன் மெயினை அணைத்து நியூட்ரல் லிங்கில் இருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

5. குறிப்பிட்ட சுற்று எதுவும் சிக்கவில்லை என்றால் கூட்டுக் கசிவு. கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் எத்தனை மில்லி ஆம்பியர் என்று நேராகக் காட்டும். சாதாரண டெஸ்டரால் இது முடியாது. டெஸ்டர் விளக்கு எரிவதை வைத்துக் கசிவைக் கணிப்பது கைரேகை பார்ப்பது போலத்தான்.

6. ஒயரிங்கின் மின்காப்புத் தடையை (உறை கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை) 500 வோல்ட் மெகர் என்ற கருவியால் அளக்கலாம். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். மெகர் போடும் முன் எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றாவிட்டால் அவை பொசுங்கும். இந்த அளவையும் விடியற்காலையில் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலோடு கலந்துவிட்டால், பேஸ் ஒரு வழியில் போய் நியூட்ரல் வேறு வழியில் திரும்பும். கருவி அதைக் கசிவாகவே படிக்கும். இன்வெர்ட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து விழுகிறது என்றால் உப்பைத் தேட வேண்டாம், இதைத் தேடுங்கள்.

டிரிப்பர் பார்க்காதவை

மூன்று இடங்களில் ஆர்.சி.சி.பி. குருடு.

ஒன்று, ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும். போனது முழுவதும் திரும்பி வருவதால் அதற்கு ஆளும் பல்பும் ஒன்றே.

இரண்டு, கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் ஓட்டும் சுற்று. ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால், பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனியாக ஒன்று வேண்டும். மெயினை அணைத்துவிட்டுப் போர்டில் கை வைப்பவர்கள் இன்வெர்ட்டரை மறந்துவிடுவதும் உண்டு.

மூன்றாவதுதான் இந்தக் கரையில் அதிகம்: களிம்பேறிய இணைப்பு. செம்பில் பச்சைக் களிம்பு பிடித்து, சாக்கெட் திருகாணி துருவேறித் தளர்ந்தால், அந்த இடத்தின் தடை அரை ஓம் ஆகலாம். 2,000 வாட் கீசர் இழுப்பது 8.7 ஆம்பியர். அந்த ஒரு திருகாணியில் மட்டும் 38 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சாலிடரிங் அயர்னைச் சுவருக்குள் சொருகி வைத்தது போல. மின்சாரம் எங்கும் கசியவில்லை, அளவுக்கு மேல் ஓடவும் இல்லை. ஆர்.சி.சி.பி.யும் விழாது, எம்.சி.பி.யும் விழாது. பிளக் சுடுவது, சாக்கெட் பழுப்பேறுவது, கருகிய மீன்வாடை போல ஒரு நெடி வருவது ஆகியவையே முன்னறிவிப்பு. நம்மூரில் மீன்வாடையை யார் சந்தேகப்படுவார்கள்! கீசர், ஏசி, மோட்டார் இணைப்புகளை வருடம் ஒருமுறை மெயினை அணைத்துக் கழற்றி, களிம்பேறிய முனையை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி முறுக்க வேண்டும்.

கருவியே துருவில் இறுகிப்போவதும் உண்டு. அதற்குத்தான் முகப்பில் 'டி' என்ற பொத்தான். மாதம் ஒருமுறை கரண்ட் இருக்கும்போது அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். அந்தப் பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் குழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பெட்டி, இடம்

தகரப் பெட்டிக்குப் பதில் பாலிகார்பனேட் பெட்டி. வெளியே என்றால் ஐபி 65 தரம், அதாவது தூசியும் பீய்ச்சும் நீரும் புகாதது. ஒயர் எப்போதும் பெட்டியின் அடியில் இருந்து நுழைய வேண்டும், நுழையும் முன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். ஒயரோடு வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஐபி 65 பெட்டி வாங்கி, மேலே ஓட்டை போட்டு ஒயர் இறக்குவது இங்கே சர்வசாதாரணம். அந்தப் பெட்டிக்கும் மண்சட்டிக்கும் அப்புறம் வித்தியாசம் இல்லை.

இறால் பண்ணை ஏரேட்டர், மீன் கம்பெனி ஐஸ் உடைக்கும் மெஷின் போன்றவை தனிக் கதை. அங்கே தொழிலாளி உப்புநீரில் நிற்கிறார். ஊறிய தோலின் தடை காய்ந்த தோலைவிட வெகுவாகக் குறைவு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் கருவி வேண்டும். குளத்துக்குள் கேபிள் இணைப்பே இருக்கக்கூடாது. அடைத்த மெஷினைக் கையால் தொடும் முன் கரையில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

தண்ணீர் புகுந்த பிறகு

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றால், வடிந்த பிறகு 'வெயில்ல காயவச்சுப் போட்டுக்கலாம்' என்ற எண்ணம் வரும். வெறும் மழைநீர் நனைத்த சுவிட்சும் ஆபத்துதான். கடல்நீர் கலந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நனைந்த எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., சாக்கெட் எதையும் காயவைத்துப் பயன்படுத்தக்கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கிலும் தொடுமுனையிலும் உப்பு தங்கிவிடும். அடுத்த ஈரமான இரவில் அது கசியும். அதைவிட மோசமாக, விழ வேண்டிய நேரத்தில் இறுகி நிற்கும்.

ஒயரை அப்படியே விட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பல இழைக் கம்பியின் இழைகளுக்கு நடுவே, திரியில் எண்ணெய் ஏறுவது போல, உப்புநீர் உறைக்குள் ஏறும். புதிய சாக்கெட் மாட்டும் முன் ஒயர் முனையை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் பற்றாமல் போனால், தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அங்கிருந்து புது ஒயர் இறக்க வேண்டும்.